மார்த்தாண்டத்து டாக்டரிடம் சொல்லாதது

நெய்யாற்றின்கரை கோர்ட்டில் வக்கீல் குமாஸ்தாவாக இருபது வருடம் ஓடிவிட்டது எனக்கு. எவன் வாயைத் திறந்தாலும் எதை மறைக்கிறான் என்றுதான் முதலில் பார்ப்பேன். அந்தப் புத்தியை ஆஸ்பத்திரிக்கும் கொண்டுபோனேன்.

மகள் ஒரு ஃபெரட் வளர்த்தாள். கீரி மாதிரி நீள உடம்பு, ஆண், இரண்டு வயதுகூட ஆகவில்லை. வாலிலிருந்து அதற்கு முடி உதிரத் தொடங்கியது. நெய்யாற்றின்கரை மிருக டாக்டர் ஸ்கேன் எடுத்தார். சிறுநீரகத்துக்கு மேலே இருக்கும் அட்ரீனல் சுரப்பி வீங்கியிருக்கிறதாம்.

"சாதாரணமா இவ்வளவு சின்னதுக்கு வராது. இதுக்கு வந்திட்டுண்டு. ஆபரேஷன் செய்து சுரப்பியை எடுக்கலாம். இல்லெங்கில் தோலுக்கடியில மருந்து வைக்கலாம், தீரத் தீர திரும்ப வைக்கணும். ஆலோசிச்சு சொல்லுங்க."

வராதாம், ஆனால் வந்திருக்கிறதாம். சாட்சிக் கூண்டில் இப்படிச் சொல்லியிருந்தால் எங்கள் வக்கீல் உரித்துத் தொங்கவிட்டிருப்பார். டாக்டரின் சுவரில் இருந்த படமெல்லாம் பசுவும் ஆடும். ஃபெரட்டை அறுத்துப் பார்க்க மனுஷனுக்கு ஆசை வந்துவிட்டது, என் தலையில் மிளகாய் அரைக்கிறார் என்று முடிவே கட்டிவிட்டேன்.

மறு வாரம் மார்த்தாண்டத்தில் வேறொரு டாக்டர். கேரள எல்லை தாண்டிவிட்டால் இவருக்கும் அவருக்கும் பழக்கம் இருக்காது என்று நினைத்தேன். பாறசாலையில் பஸ் ஏறியதுமே மகளிடம் சொன்னேன்.

"ஸ்கேனைக் காட்டண்டாம். முடி கொட்டுதுண்ணு மட்டும் சொல்லு. இவரு என்ன சொல்லுகாருண்ணு பாப்போம்."

"மூணு நாளா ஒண்ணுக்குப் போவ முக்குது அப்பா. அதையாவது சொல்லண்டாமா?"

"அதைச் சொன்னா இவரும் ஆபரேஷன்லதான் கொண்டு விடுவாரு. எல்லாவனும் ஒரே கூட்டமாக்கும். நீ சும்மா இரி மக்கா."

இவர் தோலைப் பார்த்தார். பூச்சி அரிப்பாக இருக்கலாம் என்று களிம்பு எழுதினார். வேறு தொந்தரவு ஏதாவது உண்டா என்று இரண்டு தடவை கேட்டார். இரண்டு தடவையும் இல்லை என்றேன். மகள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கோ கேஸ் ஜெயித்த சந்தோஷம்.

இரண்டாம் நாள் காலையில் அது எழுந்திருக்கவில்லை. வயிறு கல்லாக இருந்தது, சொட்டு மூத்திரம் இறங்கவில்லை. மகள் துண்டில் சுற்றி நெஞ்சோடு பிடித்துக்கொள்ள, ஆட்டோவில் நெய்யாற்றின்கரைக்கே ஓடினோம். இந்த நோயில் ஆண் ஃபெரட்டுக்குப் புராஸ்டேட்டும் வீங்கி வழியை அடைத்துவிடும் என்றார் டாக்டர்.

"முக்கத் தொடங்கி எத்தனை நாளாச்சு?"

"இன்னைக்குத்தான் சார்," என்றேன். பயத்தில் வந்த பொய்.

"அஞ்சு நாளாச்சு சார்," என்றாள் மகள்.

அதன் பிறகு டாக்டர் என்னிடம் ஒன்றுமே கேட்கவில்லை. நாற்காலியை அவள் பக்கம் திருப்பிக்கொண்டார். இப்போது குழாய் போட்டு மூத்திரத்தை எடுத்து மருந்து வைப்பது, வீக்கம் வடிந்து உடம்பும் தாங்கினால் ஆபரேஷன் என்று அவர்கள் இரண்டு பேருமே பேசி முடிவு செய்தார்கள். பதினெட்டு ஆகிவிட்டதா என்று கேட்டுச் சம்மதப் பேப்பரையும் அவளிடமே நீட்டினார். ஃபெரட்டைப் பிடித்துக்கொள்ள அவளை மட்டும் உள்ளே கூட்டிப்போனார். வராந்தாவில் நின்ற எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

ரொம்ப நேரம் கழித்து வந்தாள். கண் சிவந்திருந்தது.

"மக்கா, பொழைக்குமா? டாக்டர் என்ன சொன்னாரு?"

"சொன்னா நம்புவியளா அப்பா?"