ரகுவின் வாயை அடைத்தவள்

அன்பான ஒரு கணவனை அடக்குமுறைக்காரன் என்று குறிப்பேட்டில் எழுதி வைத்தவள் நான். இன்றுவரை அதைத் திருத்தவில்லை. உங்களிடம்தான் முதன்முதலாகச் சொல்கிறேன்.

செகந்திராபாத் பக்கம் கொண்டாப்பூரில் மனநல ஆலோசகராக இருக்கிறேன். கரு கலைந்த துயரத்தோடு ரகுவும் செல்வியும் வந்தார்கள். அவன் செகந்திராபாத்திலேயே வளர்ந்தவன். அவள் திருநெல்வேலிப் பெண். எதைக் கேட்டாலும் அவனே பதில் சொன்னான். "அவளுக்கு ஏசி நக்கோ மேடம், வேணாம், குளிரும்" என்றதுகூட அவன்தான்!

அடக்குமுறைக்காரன் என்று குறிப்பேட்டில் எழுதினேன். உள்ளுணர்வு என்று நம்பினேன்... இருபது வருட அனுபவமல்லவா! அம்மாவை வாய் திறக்கவிடாத என் அப்பாதான் எனக்குள் விழித்துக்கொண்டார் என்பது அப்போது உறைக்கவில்லை. காமாலைக் கண்ணுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள்.

மறுவாரம் அவளைத் தனியே அழைத்துக் கணவனைப் பற்றிக் கேட்டேன். "அ... அ..." உதடு நடுங்கியது, கண் நிறைந்தது. பயம் என்று முடிவு கட்டினேன்! வேறு என்னவாக இருக்கும் என்று ஒரு கேள்வி... ஒரே ஒரு கேள்வி கேட்டிருக்கக் கூடாதா? இரண்டு மாதம் தாய்வீட்டில் இருக்கச் சொன்னேன். அவனோடு போனில்கூடப் பேச வேண்டாம் என்றேன்.

ஊரிலிருந்து வாட்ஸ்அப்பில் எழுதினாள்.

"சின்ன வயசுலேருந்தே எனக்குப் பேச்சு திக்கும் மேடம். வெக்கப்பட்டு நாந்தான் அவுகளப் பேசச் சொன்னேன். இப்ப அவுக தன்னையே குத்தம் சொல்லிக்கிடுதாகளாம். நீங்க ஒரு வார்த்த சொல்லுங்க, கேப்பாக."

அழுதேன். ஆனால் பதில் எழுதவில்லை.

பிறகு இருவரும் சேர்ந்தே வந்தார்கள். ரகு இளைத்திருந்தான். "எனக்கே தெரியாம அவள அடக்கி வெச்சிருந்தேன் போல மேடம். இனிமே குறுக்க பேச மாட்டேன்."

தவறு என்னுடையது என்று சொல்ல வாயெடுத்தேன். செல்வி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். என் வாயிலிருந்து வந்தது வேறு.

"நல்லது, ரகு."

எவ்வளவு கோழை நான்!

அவள் தலைகுனிந்து பேச ஆரம்பித்தாள். "எங்க கு... கு..." குழந்தை என்ற சொல் வரவே இல்லை. வழக்கம்போல அவன் பக்கம் திரும்பினாள். அவனுக்கு அந்தச் சொல் தெரியும். கைகளைப் பிசைந்துகொண்டு, பேசலாமா என்று என் முகத்தைப் பார்த்தான்.

நான் குறிப்பேட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டேன்.