அந்தப் பெண்ணின் இங்கிலீஷ் நோட்டு

வெளிநாட்டிலிருந்து வரும் ஃபேக்ஸைக் காலையில் முதலாளி முன்னால் நின்று தமிழில் சொல்வது ஏழு வருடமாக என் வேலையாக இருந்தது. பனியன் கம்பெனியே காது கொடுத்துக் கேட்கும். பத்தாவது ஃபெயிலான எனக்கு அதைவிடப் பெருமை வேறென்ன வேண்டும்! தொண்ணூறுகளின் நடுவில், பி.ஏ. இங்கிலீஷ் படித்த பெண் ஒருத்தி ஊத்துக்குளியிலிருந்து ரயிலில் வேலைக்கு வந்தாள். ஒரே மாதத்தில் முதலாளி ஃபேக்ஸை அவள் பக்கம் நீட்டிவிட்டார். எனக்கு வயிறு பற்றி எரிந்தது.

அவளோ என்னிடமே வந்து நிற்பாள்.

“ஏனுங்கண்ணா, ரிப்னா விலா எலும்புன்னுதானுங்க படிச்சேன். இங்க கழுத்துப் பட்டிங்கறீங்க?”

“காலேஜ்ல இதெல்லாம் சொல்லித் தரலையாக்கும்?” என்று கடுகடுப்பேன். பிறகு பீற்றிக்கொள்ளும் ஆசையில் நானே சொல்லித் தொலைப்பேன். பீஸ் என்றால் அவளுக்குத் துண்டு, எங்களுக்கு முழுப் பனியன். ஷேட் என்றால் அவளுக்கு நிழல், எங்களுக்குச் சாயத்தின் நிறம். எல்லாவற்றையும் ஒரு நீல நோட்டில் எழுதிக்கொள்வாள்.

ஒருநாள் முதலாளி கூப்பிட்டார். “நாளன்னைக்கு நம்ம சரக்கு வாங்கற வெள்ளைக்காரர் வர்றாருங்க. அந்தப் புள்ள பக்கத்துல இருந்து பேசட்டும். நீங்க பேக்கிங்கப் பாத்துக்குங்க.”

அட்டைப் பெட்டிக்கு டேப் ஒட்டவா நான் இத்தனை வருடம் ஃபேக்ஸ் படித்துச் சொன்னேன்? மத்தியானம் அவள் கை கழுவப் போனபோது நோட்டை எடுத்து என் டிபன் பைக்குள் போட்டுக்கொண்டேன்.

சாயங்காலம் வீட்டில் திறந்தேன். பக்கத்துக்கு மூன்று கட்டம் போட்டிருந்தாள். முதலாவதில் புத்தக அர்த்தம், இரண்டாவதில் கம்பெனி அர்த்தம், மூன்றாவதில் சொன்னவர் யார் என்று. பக்கம் பக்கமாக ‘அண்ணன்’, ‘அண்ணன்’. இரண்டே இடத்தில் கட்டிங் மாஸ்டர். ஓரிடத்தில், ‘அண்ணன் கோபமாக இருந்தார், நாளைக்குக் கேட்க வேண்டும்’ என்றிருந்தது. சனியனே என்று என்னைத்தான் திட்டிக்கொண்டேன்.

மறுநாள் காலையில் வீங்கிய கண்களோடு, புது நோட்டோடு வந்தாள்.

“நோட்டு தொலஞ்சு போச்சுங்கண்ணா. நாளைக்கு அவர் முன்னால நான் முழிச்சிட்டு நிக்கோணும். மறுக்காச் சொல்றீங்களா?”

பழைய நோட்டு என் காலடியில் டிபன் பையில்தான் இருந்தது. எடுத்துக் கொடுக்கக் கை வரவில்லை. என்ன மனுஷன் நான்!

“எழுதிக்கோ கண்ணு” என்று ரிப்பிலிருந்து ஆரம்பித்தேன்.

அவள் ஸ்கேலை வைத்து முதலில் மூன்று கட்டம் போட்டாள். மூன்றாவதில் ‘அண்ணன்’ என்று எழுதியபோது நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டேன்.