வராதவரின் சீட்டு

நடமாடும் மருத்துவ வண்டியில் தொண்டு செய்யப் போனால் முதலில் நோயாளியாவது நாம்தான். மலைப்பாதையில் குலுங்கி இடுப்பொடிந்த சக தொண்டர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

ஏனுங்க

எனக்கு ஊர் பாலக்காட்டுக்குக் கிழக்கே வடகரப்பதி. மனைவி போன பிறகு வீட்டில் பேச ஆளில்லை. டிவியை எத்தனை நாள்தான் திட்டுவது? மூணாறுப் பக்கம் மண் சரிந்து ஒரு எஸ்டேட் குடியிருப்பே போனதும், அங்கே போகும் மருத்துவ வண்டிக்குத் தமிழ் தெரிந்த ஆள் வேண்டும் என்றார்கள். கிளம்பிவிட்டேன். முகாம் வாசலில் மேசை போட்டுச் சீட்டு எழுதுவதும், மலையாள டாக்டரம்மாவுக்கும் தோட்டத்து மக்களுக்கும் நடுவில் நின்று பேசுவதும் என் வேலை.

முதல் நாள், "ஏனுங்க, வரிசையில வாங்க" என்றேன். ஒருவரும் அசையவில்லை. அந்த மலையிலேயே பிறந்த டிரைவர் முருகன் என் காதோடு சொன்னார்: "சார், இவ்வளவு மரியாதையா கூப்பிட்டா, வேற யாரையோ கூப்பிடுதீகன்னு நெனச்சுக்கிடுதாக."

வேதனை

எங்கள் ஊர்க்காரர்களுக்கு ஒரு வியாதி. மலையாளச் சொல் தமிழ்ப் பேச்சுக்குள் தானாக வந்து உட்கார்ந்துகொள்ளும். கொழுந்து கிள்ளும் செல்லத்தாய் முழங்காலில் கட்டோடு வந்தார். "வேதன உண்டோ?" என்றார் டாக்டரம்மா. உடம்பு வலிக்கிறதா என்று அர்த்தம். நான் பெரிய புத்திசாலியாக, "வேதனை இருக்குதுங்களா?" என்று மொழிபெயர்த்தேன்.

செல்லத்தாய் என்னையே பார்த்தார். மண் சரிந்தபோது அவருடைய கணவர் மாடசாமி வீட்டுக்குள் இருந்திருக்கிறார். உடல் இன்னும் கிடைக்கவில்லை. அது எனக்கு அப்போது தெரியாது. எந்த இடத்தில் என்று டாக்டரம்மா தைலத்தோடு கேட்க, அதையும் கேட்டுத் தொலைத்தேன்.

"தைலம் தேய்க்க எடம் காட்டத் தெரியலையே சார்."

இரண்டு சீட்டு

அடுத்த வாரம் அவர் இரண்டு சீட்டுகளை நீட்டினார். ஒன்று அவருடையது. மற்றது மாடசாமியின் சர்க்கரை மாத்திரைச் சீட்டு. எங்கள் வண்டி முன்பும் அங்கே மாதாமாதம் போனதுதான், அதனால் பதிவேட்டிலும் அவர் பெயர் இருந்தது. ஆள் இல்லாத பெயரை அடித்துவிட வேண்டும் என்பது விதி. பேனாவை எடுத்தேன்.

"அடிச்சிராதீக சார். இன்னும் கண்டுபிடிக்கலைன்னுதான சொல்லுதாக? அவுக வந்து நின்னா பேரு இருக்கணும்லா?"

ரேஷன் கார்டிலிருந்து என் மனைவி பெயரை எடுக்க நானே வரிசையில் நின்று கையெழுத்துப் போட்டவன். அன்று ஓடிய கை இன்று ஓடவில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. செல்லத்தாய் சொன்னதை ஒரு சொல்லும் மாற்றாமல் டாக்டரம்மாவிடம் சொன்னேன்.  அவர் மாத்திரை டப்பாவை மூடிவிட்டு, பதிவேட்டை என் பக்கம் தள்ளினார்.

"குளிக வேண்டா. பேரு அவிடெ இருந்நோட்டெ." மாத்திரை வேண்டாம், பேர் அங்கேயே இருக்கட்டும் என்று அர்த்தம்.

இப்போதும் ஒவ்வொரு முறையும் "மாடசாமிங்க" என்று கூப்பிடுகிறேன். முண்டியடிக்கும் அந்த வரிசையில் அவர் இடத்துக்கு மட்டும் இதுவரை ஒருவரும் முந்தவில்லை.