ஆயுத பூஜைக்கு விட்ட எண்ணெய்

ஓசூர் ரோட்டில் இருக்கும் பொம்மசந்திராவில் வேலை பார்த்தபோது நான் செய்த முட்டாள்தனம் இது. இஞ்சின் இழுவை கூடும் என்று நம்பி, காருக்கு வெளிக்கடையில் பஞ்சு ஏர் ஃபில்டர் வாங்கிப் போட்டிருந்தேன். ஆயுத பூஜையன்று அதைக் கழற்றிக் கழுவினேன். தூசி ஒட்டிக்கொள்வதற்காக லேசாகப் பூசவேண்டிய ஃபில்டர் எண்ணெயைச் சொட்டச் சொட்ட விட்டு மாட்டினேன். பூஜைதானே, தாராளமாக இருக்கட்டும் என்ற நினைப்பு.

இரண்டாம் நாள் காலை நிறைமாத மனைவிக்கு வலி கண்டது. ஆஸ்பத்திரிக்குப் போகும்போது ஓசூர் ரோடு நடுவே கார் நின்றது. சாவியைத் திருப்பினால் உறுமும். ஆக்ஸிலேட்டரை மிதித்தால் அடங்கிவிடும். பானெட்டைத் திறந்தேன். எதைத் தொடுவது என்றே தெரியவில்லை. உள்ளே அவள் அழுதுகொண்டிருந்தாள்.

ஆட்டோக்காரர் ஒருவர் நிறுத்தினார்.

"என்னா சார், இஞ்சினையே பாத்துக்கினு நிக்கிறீங்க? அம்மாவ ஆட்டோல ஏத்துங்க மொதல்ல!"

போய்ச் சேர்ந்த அரைமணியில் மகள் பிறந்தாள்.

"காத்த அளக்குற சென்சார்ல ஃபில்டர் எண்ணெ படிஞ்சிருக்கு. காத்து கம்மின்னு நெனச்சு கம்ப்யூட்டர் பெட்ரோல கொறச்சிடுச்சு சார்" என்றார், பிறகு காரைப் பார்த்த மெக்கானிக்.

காரோடு வந்த பழைய காகித ஃபில்டரையே மாட்டிவிட்டேன். இப்போதெல்லாம் ஆயுத பூஜைக்கு மூடிய பானெட்டின் மேல் பொட்டு வைப்பதோடு சரி. அதையும் மனைவிதான் வைக்கிறாள். என்னைக் கிட்டேயே விடுவதில்லை.