ஒன்பது வயது அளவில் ஐந்து சட்டைகள்

பெட்டிகள் இரண்டும் வரவேற்பறைத் தரையில் வாய் பிளந்து கிடந்த நாட்களில் நான் நேராக நடக்கவில்லை. வளைந்து வளைந்து, அவற்றைத் தொடாமல் நடந்தேன். ரொறன்ரோவின் மில்லிக்கனில் எங்கள் வீட்டில் கணவரும் நானும் மட்டும்தான். வவுனியாப் பக்கத்துச் சிறுவர் இல்லமொன்றில் நாலரை வயதுப் பெண்பிள்ளை ஒருத்தி எங்களுக்குத் தத்துப் பிள்ளையாகக் குறிக்கப்பட்டிருந்தாள். நாங்கள் போய் ஐந்து கிழமை தங்கி, நீதிமன்றம் சம்மதித்ததும் அவளைக் கூட்டிவர வேண்டும்.

காய்ச்சலுக்குக் குடிக்கும் பாணி மருந்து. வயிற்றோட்டத்துக்குக் கரைத்துக் கொடுக்கும் உப்புத்தூள். பேன் சீப்பு. நுளம்பு கடிக்காமல் பூசும் களிம்பு. பிள்ளைக்குப் பழகுவதற்காக எங்கள் இருவரின் முகங்கள் உள்ள சின்ன ஆல்பம். பத்திரங்களில் இரண்டு பிரதி எடுங்கள் என்று சமூக ஊழியர் சொல்லியிருந்தார். நான் மூன்று எடுத்தேன். ஒன்று கைப்பையில், ஒன்று ஒஷாவாவில் இருக்கும் தங்கையிடம். மூன்றாவதுக்கென்று இடுப்பில் கட்டும் துணிப்பை ஒன்றைத் தைத்தேன். எவரும் சொல்லித் தரவில்லை, கை தானாகத் தைத்தது.

"உது என்னப்பா, கடத்தல்காரி மாதிரி?" என்று கணவர் சிரித்தார்.

"துலைஞ்சாத் தெரியும்."

"எல்லாம் போனுக்குள்ள கிடக்கு. உன்ர இடுப்பிலையும் கிடக்கோணுமோ?"

மறுநாள் பிள்ளையின் பெட்டியை முழங்காலால் அமத்தி மூடப் பார்த்தவர் திடீரென்று நிறுத்தினார். உள்ளேயிருந்து ஒரு சட்டையை எடுத்துத் தன் மார்போடு வைத்துப் பார்த்தார்.

"உது ஆருக்கு?"

"பிள்ளைக்கு."

"பிள்ளைக்கு நாலரை வயது. இதில ஒன்பது எண்டு போட்டிருக்கு. இந்தா, இதிலையும் ஒன்பது. இதிலையும்."

ஐந்து சட்டைகள். வெக்ஸ்போர்ட் பக்கத்துக் கடைகளில் ஐந்து வெவ்வேறு நாட்களில் வாங்கியவை. ஒவ்வொரு தடவையும் நான் அளவு பார்த்துத்தான் எடுத்தேன். துணியை விரித்து, தோளைப் பார்த்து, இவளுக்குச் சரியாக இருக்கும் என்று நினைத்தது நன்றாக நினைவிருக்கிறது. அந்த ‘இவள்’ யார் என்பதுதான் நினைவில் இல்லை.

இல்லை, தெரியும். கணவருக்குத்தான் இந்தக் கதையில் அரைவாசி மட்டும் தெரியும்.

நான் இந்த நகரத்துக்கு ஒன்பது வயதில் வந்தேன், வேறொரு பிள்ளையின் பாஸ்போர்ட்டில். எனக்கு அம்மாவாக வந்த பெண் யாரோ. பாங்கொக்கில் யன்னல் திறக்காத அறையொன்றில் ஏழு கிழமை அடைந்து கிடந்து அந்தப் பிள்ளையைப் பாடமாக்கினேன். அவளுடைய பிறந்தநாள், பள்ளிக்கூடம், பக்கத்து வீட்டுக்காரர், இடது புருவத்துக்கு மேலே ஒரு தழும்பு. தழும்பை, எங்களைக் களவாக அனுப்பிவைக்கும் ஏஜென்சிக்காரர் பென்சிலால் என் நெற்றியில் வரைந்து பழகினார். ஒருநாள் அவரைக் கேட்டேன், "அந்தப் பிள்ளைக்குப் பாஸ்போட் வேண்டாமோ?"

அவர் பென்சிலைச் சீவிக்கொண்டே, "அதுக்கு இனித் தேவைப்படாது," என்றார்.

அவ்வளவுதான். பிறகு ரொறன்ரோ விமான நிலையத்தில் அந்தப் பெண் என் கையை விட்டார், நான் என் சொந்தப் பெயரைச் சொன்னேன், அதிகாரி எழுதிக்கொண்டார். மற்றப் பெயரை எங்கே இறக்கி வைப்பதென்று எவரும் சொல்லவில்லை. இன்றைக்கும் தமிழ்க் கடைகள் உள்ள பிளாசாவில் யாராவது அந்தப் பெயரைக் கூப்பிட்டால் என் கழுத்து திரும்பிவிடும்.

சனிக்கிழமை காலைகளில் இல்லத்தோடு வீடியோ அழைப்பு இருக்கும். அங்கே அப்போது மாலை. திரையின் ஒரு கட்டத்தில் பிள்ளையும் இல்லத்துப் பொறுப்பாளரும். இன்னொன்றில் எங்கள் சமூக ஊழியர், தமிழ் தெரியாத கனேடியப் பெண்மணி. மூன்றாவது கட்டம் எப்போதும் கறுப்பு. அதற்குள்ளிருந்து மொழிபெயர்ப்பாளரின் குரல் மட்டும் வரும்.

அன்று நான்தான் தொடங்கினேன்.

"பிளேன் ஏறேக்க ஆராவது, இவ ஆர் எண்டு என்னைக் காட்டிக் கேட்டா என்ன சொல்லுவாய்?"

"அம்மா எண்டு."

"கெட்டிக்காரி. வீடு எங்கை?"

"கனடா."

"கனடாவில எங்கை?"

"மிக்கிலன்."

"மில்லிக்கன். திருப்பிச் சொல்லு. சிரிக்கக் கூடாது. கேக்கிறவையின்ர கண்ணைப் பார்த்துச் சொல்லோணும்."

பிள்ளை சிரிப்பை நிறுத்திவிட்டாள். மேசைக்கடியில் கணவர் என் காலை மிதித்தார். நான் விடவில்லை. மூன்று தரம் சொல்லவைத்தேன். என் வாயிலிருந்து வந்த குரல் என்னுடையதைவிடத் தடித்திருந்தது. பென்சில் சீவுகிறவரின் குரல் அது.

முடிவில் பொறுப்பாளர், "எல்லாருக்கும் டாட்டா காட்டம்மா," என்றார். பிள்ளை எனக்குக் கை காட்டினாள். கணவருக்குக் காட்டினாள். பிறகு எங்களுக்குப் பின்னால், அறைகளுக்குப் போகும் நடைபாதைப் பக்கம் பார்த்து இன்னொரு தரம்.

"மூண்டு பேருக்கும் காட்டீட்டன்," என்றாள்.

நான் திரும்பிப் பார்த்தேன். நடைபாதையில் ஒருவருமில்லை.

திங்கட்கிழமை சமூக ஊழியர் தொலைபேசியில் அழைத்தார், மறுநாள் வீட்டுக்கே வந்தார். குரலை உயர்த்தவில்லை. சட்டப்படி உங்கள் பிள்ளையாகப் போகிறவளை ஏன் விசாரணைக்குப் பழக்குவதுபோல் பழக்கினீர்கள், என்று கேட்டார். பிள்ளைகளைக் களவாகக் கூட்டிச் செல்கிறவர்கள் அப்படித்தான் பழக்குவார்கள் என்று தனக்குப் பயிற்சி தந்திருக்கிறார்கள் என்றார். தனக்குத் தெளிவில்லையென்றால் எங்களைப் பற்றி எழுதிய அறிக்கையைத் திரும்பப் பெறுவார். அறிக்கை இல்லாவிட்டால் நீதிமன்றத் திகதி இல்லை. பிள்ளையும் இல்லை.

பிறகு தரையில் கிடந்த ஐந்து சட்டைகளைப் பார்த்தார்.

நான் எல்லாவற்றையும் சொன்னேன். அந்த அறை, தழும்பு, ஏழு கிழமை. முதல் தடவையாக இந்த வீட்டுக்குள் அந்தப் பிள்ளையின் பெயரை வாய்விட்டுச் சொன்னேன். சொன்ன கணத்தில் கணவர் நிமிர்ந்து நடைபாதையைப் பார்த்தார். என்ன பார்த்தீர்கள் என்று நான் கேட்கவில்லை. இன்றுவரை கேட்கவில்லை.

சமூக ஊழியர் ஒரேயொரு கேள்விதான் கேட்டார். அங்கேயிருந்து நீங்கள் கூட்டிவரப் போவது யாரை?

நாலரை வயதுப் பிள்ளையை என்று உடனே சொல்லியிருக்கலாம். நான் குனிந்து அந்தச் சட்டைகளை ஒவ்வொன்றாக மடித்தேன். அவர் குறிப்புப் புத்தகத்தை மூடினார். வரும் சனிக்கிழமை இன்னொரு அழைப்பு. சொல்லிக்கொடுத்ததை நீங்களே அழியுங்கள், என் காதால் கேட்டபின் முடிவெடுக்கிறேன், என்றார்.

அந்தக் கிழமை நான் பெட்டிகளைத் தொடவேயில்லை. சமைத்தேன், வேலைக்குப் போனேன், ஸ்டீல்ஸ் வீதியில் சிவப்பு விளக்குக்குக் காத்து நிற்கும்போது காரின் பின் இருக்கையைப் பார்த்துக்கொண்டேன்.

சனிக்கிழமை கறுப்புக் கட்டம்தான் முதலில் வந்தது.

"தங்கச்சி, சமூக ஊழியர் வரமுந்தி ஒண்டு சொல்லட்டே?" மொழிபெயர்ப்பாளர். "நானும் வேறொருத்தன்ர பேரிலைதான் இஞ்சை வந்து இறங்கினனான். அண்டைக்கு நீங்கள் பிள்ளையைக் கேக்கக் கேக்க எனக்கு வேர்த்துப்போச்சு. எண்டாலும் ஒரு சொல்லு விடாமல் இங்கிலீசில சொன்னனான்."

"விட்டிருந்தாத்தான் பிழை அண்ணை."

"ஓம். அவனுக்குப் பிறந்தநாள் வாற மாதம். ஒரு வருசமும் மறக்கேல்லை. கேக் வெட்டிறேல்லை, அவ்வளவுதான்."

சமூக ஊழியர் வந்தார். பிறகு பிள்ளை. தலை இழுத்து வாரி, நேராக, சிரிக்காமல் இருந்தாள். யாரும் கேட்க முன்னரே ஒப்புவித்தாள்: "இவ அம்மா. வீடு கனடா. மில்லிக்கன்." கண் இமைக்கவில்லை. அந்தப் பார்வையை நான் பாங்கொக் அறைக் கண்ணாடியில் பார்த்திருக்கிறேன்.

"அது வேண்டாமம்மா," என்றேன். "அது நான் பிழையாச் சொல்லித் தந்தது. ஆர் கேட்டாலும் உனக்குத் தெரிஞ்சதை மட்டும் சொல்லு."

"பிறகு ஏசமாட்டீங்களோ?"

"இல்லை."

"அப்ப இப்ப கேளுங்கோ."

கணவர் கேட்டார். "நான் ஆர்?"

"கண்ணாடி போட்ட மாமா."

"இவ?"

அவள் என்னை வெகுநேரம் பார்த்தாள். முகத்தை முன்னே கொண்டுவந்து, திரை முழுதும் கண்ணாக, பார்த்தாள்.

"தெரியாது," என்றாள்.

கறுப்புக் கட்டம் ஒரு மூச்சு தயங்கி, அந்தச் சொல்லை ஆங்கிலத்தில் சொன்னது. சமூக ஊழியர் குனிந்து எழுதினார். ஏழு கிழமையில் ஒரு தடவைகூட நான் சொல்ல அனுமதிக்கப்படாத சொல் அது.

"எனக்கும் உன்னைத் தெரியாது," என்றேன். "நீ ஆரெண்டு நீயே சொல்லன், கேப்பம்."

யோசித்தாள். "எனக்குப் பூசணிக்காய் பிடிக்காது. பல்லிக்குப் பயமில்லை, பல்லிதான் எனக்குப் பயம். நித்திரை வந்தா காதைப் பிடிச்சுக்கொண்டு படுப்பன், என்ர காதை இல்லை, பக்கத்தில படுக்கிறவையின்ர..."

மொழிபெயர்ப்பாளர் பின்னால் ஓடிக்கொண்டிருந்தார். குறித்த நேரம் முடிந்தும் சமூக ஊழியர் நிறுத்தவில்லை. இடையில் எங்களுக்கு மட்டும் கேட்பதுபோல் தணிந்த குரலில், அறிக்கை அப்படியே இருக்கும், திகதியை மாற்ற வேண்டியதில்லை என்றார். இதைப் பிள்ளைக்கு மொழிபெயர்க்க வேண்டாம், அவள் பேசட்டும் என்றார்.

அப்போது அங்கே கரண்ட் போய்விட்டது. இல்லத்துக் கட்டமும் கறுப்பாகிப்போனது. முகமில்லை, பொறுப்பாளர் எழுந்து மெழுகுதிரி தேடும் சத்தம் மட்டும். பிறகு, எங்கோ மிகக் கிட்டவிருந்து வருவதுபோல் அந்தக் குரல்.

"இருக்கிறீங்களோ?"

"இருக்கிறம்," என்றோம், கணவரும் நானும் மொழிபெயர்ப்பாளர் அண்ணையும் ஒரே நேரத்தில்.

"அப்ப இன்னும் சொல்லக் கிடக்கு," என்று சொல்லி அவள் தொடர்ந்தாள்.