மொட்டை மாடியில் சாக்பீஸ் கோடுகள்

எங்கள் குடியிருப்பில் என் தங்கையை எல்லோரும் ஏணி என்றுதான் கூப்பிடுவார்கள். உயரம் ஒரு காரணம். யார் வீட்டில் பல்பு போனாலும் முதலில் ஏறுகிறவள் அவள் என்பது இன்னொன்று. சோலார் பேனல் பொருத்தும் பயிற்சிக்கு ஆறு மாதம் போய், எழுபத்தெட்டுப் பேரில் இரண்டாவதாகத் தேறினாள்.

நகராட்சித் திட்டத்தில் ஒரு விதி உண்டு. எந்தக் கட்டடத்தில் பேனல் போடுகிறார்களோ, அங்கேயே குடியிருந்து பயிற்சி முடித்தவருக்குத்தான் வேலை. பிறகு பராமரிப்பும் அவரிடமே. பெரிய சாலையில் ஏழு கட்டடங்களுக்கு அனுமதி வந்தது. எங்கள் சந்தில் உள்ள நான்கையும் ‘நிழல் விழுகிறது, தகுதியில்லை’ என்று தள்ளிவிட்டார்கள். அந்த நிழல், கிழக்கே பெரிய சாலையில் புதிதாக எழும்பிய பதினாறு மாடிக் கட்டடத்துடையது. அதன் ஜெனரேட்டர் புகை எங்கள் ஜன்னலுக்கு. பேனல் அவர்கள் மாடிக்கு.

ஏணி அழவில்லை. ஆய்வுக்கு எத்தனை மணிக்கு வந்தார்கள் என்று வாட்ச்மேனிடம் விசாரித்தாள். காலை ஏழரையாம்.

“ஏழரைக்கு வந்தா நிழல் இல்லாம நிலாவா இருக்கும்?” என்றாள்.

பன்னிரண்டு நாள், அரைமணிக்கு ஒரு தடவை, நிழலின் விளிம்பில் சாக்பீஸால் கோடு போட்டு நேரம் எழுதினாள். நான் தையல் மெஷினை நிறுத்திவிட்டு டேப்பின் மறுமுனையைப் பிடித்து, அளவுகளை நோட்டில் ஏற்றினேன். பத்தேகாலுக்கு மேல் அந்த நிழல் துளிகூட இல்லை. மனு கொடுத்தாள். மறுபடி பார்க்க ஒரு பொறியாளர் ஒன்பதரைக்கு வந்தார்.

மேலே ஏறியதும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. தரை பளபளத்தது. ஒரு கோடுகூட இல்லை. ஆபீசர் வருகிறாரே என்று மூன்றாவது மாடி அத்தை விடியற்காலையில் சோப்புப் போட்டுத் தேய்த்துவிட்டார்.

“பிள்ளைங்க கிறுக்கினதுன்னு நெனச்சேன்டி” என்று கையைப் பிசைந்தார்.

நோட்டை நீட்டினேன். எழுதுவதை யார் வேண்டுமானாலும் எழுதலாம் என்று பொறியாளர் திரும்பினார். ஏணி படிக்கட்டு வாசலை மறித்து நின்றாள்.

“பத்தேகால் வரைக்கும் உக்காருங்க சார். நிழல் கிழக்குச் சுவரைத் தாண்டிப் போயிடும். போகலைன்னா இந்த மாடி லாயக்கில்லன்னு நானே எழுதித் தர்றேன்.”

அத்தை நாற்காலி கொண்டுவந்தார். வீட்டுக்கு இருவராக ஆட்கள் ஏறிவந்தார்கள். நிழல் தரை ஓடுகளில் ஒவ்வொன்றாகப் பின்வாங்கியது. இன்னும் ஒரு முழம்தான். சரியாகப் பத்து பத்துக்கு ஒரு மேகம் வந்து மாடி முழுக்க இருட்டிவிட்டது. அந்த மேகத்தை அத்தை திட்டியதை இங்கே எழுத முடியாது. பொறியாளர் எழுந்தார். அப்போது பளீரென்று வெயில், இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர் வரை!

“பத்து பதினாறு. ஒரு நிமிஷம் லேட்டும்மா” என்றார் பொறியாளர்.

“உங்க வாட்ச் ஃபாஸ்ட் சார்.”

அவர் சிரித்துக்கொண்டே படிவத்தில் ‘தகுதியில்லை’ என்பதை அடித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். மாடியே அதிர்ந்தது. அந்தச் சத்தத்திலும் அவர் கேட்டது எனக்குத் தெளிவாகக் காதில் விழுந்தது.

“மீதி மூணு மாடியையும் அளக்கணும். நாளைக்கு என்கூட வேலைக்கு வர்றியாம்மா?”

“வர்றேன் சார். நீங்க மட்டும் ஏழரைக்கு வராதீங்க” என்றாள் என் தங்கை.