அஞ்சு கட்டை சுருதியும் அஞ்சு வாட் ஆம்பும்

ஆழ்வார்பேட்டையில் ஒரு இசைக்கருவிக் கடையில் இருபத்தெட்டு வருடம் ஆம்ப், அதாவது கிடார் ஆம்ப்ளிஃபையர் விற்றேன், ரிப்பேரும் பார்த்தேன். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். நான் விற்ற ஆம்பைக் குறை சொன்னால் கேட்கவே வேண்டாம். ஒரு திங்கட்கிழமை, ஷட்டரைத் தூக்கியதும் மந்தைவெளி வசந்தா மேடம் ஆட்டோவிலிருந்து இறங்கி, ஆம்பைக் கொண்டுவந்து என் மேஜை மேல் வைத்தார்.

"நீங்க சொன்னேளேன்னு வாங்கிண்டு போனேன். கச்சேரில மானம் போயிடுத்து."

மேடம் பேங்கில் வேலை பார்ப்பவர். கிடாரை மடியில் கிடத்தி, கம்பி மேல் இரும்புக் கட்டையை இழுத்து வாசிக்கும் லேப் ஸ்டீலில் கர்நாடக சங்கீதம் வாசிப்பார். டிரான்சிஸ்டர் ஆம்பில் இழுப்பு பாதியிலேயே செத்துப்போகிறது என்று வந்தவருக்கு, பழைய காலத்து ஜாடையில் ஒரு சின்ன வால்வு ஆம்பை நான்தான் கொடுத்தேன். அஞ்சு வாட், எட்டு இன்ச் ஸ்பீக்கர்.

அது மேடையில் கச்சேரி முழுக்க உறுமியிருக்கிறது. சபா செக்ரட்டரி, வரும் ஞாயிற்றுக்கிழமை இன்னொரு வாய்ப்பு, அதோடு சரி என்று சொல்லிவிட்டாராம்.

"இன்னா மேடம், வால்வு ஆம்புன்னா லேசா உறுமத்தான் செய்யும். ராக் வாசிக்கிற பசங்க ஒருத்தனும் கம்ப்ளெயின்ட் பண்ணதில்லியே!"

"அவாளுக்கு சுருதிப் பெட்டி கிடையாதே" என்றார்.

பையிலிருந்து எலக்ட்ரானிக் சுருதிப் பெட்டியை எடுத்து அஞ்சு கட்டையில் வைத்தார். மேடையில் உட்காருவதுபோல் தரையில் சம்மணம் போட்டு, ஆம்பைப் பக்கத்தில் வைத்து ஆன் செய்தார். ஈபி கரண்டின் உறுமல் ஷட்ஜத்துக்கு ஒரு மயிரிழை மேலே நின்று சுருதியோடு மோதி அலையடித்தது. எனக்குச் சுருக்கென்றது. இத்தனை வருடத்தில் ஒரு ஆம்பைக்கூட நான் சுருதி வைத்துக் கேட்டதில்லை. மேஜை மேல் வைத்து, கிடார் கம்பிகளைச் சேர்த்து நாலு தட்டு தட்டிக் காட்டி விற்றதோடு சரி.

கடையில் இருந்த மற்ற இரண்டு சின்ன ஆம்பையும் இறக்கினேன். ஒன்று இதைவிட மோசம். இன்னொன்று அமைதி, ஆனால் இழுப்பு நீளவில்லை. முதலாளி எட்டிப் பார்த்தார்.

"இன்னாபா, கடையா பஜனை மடமா?"

மேடம் அசையவில்லை. முதல் ஆம்பைத் தொட்டுச் சொன்னார்: "எனக்கு இந்தக் குரல்தான் வேணும். இந்த உறுமல் வேண்டாம்."

கிடார் வயரைப் பிடுங்கினேன். வால்யூமை ஜீரோவுக்குத் திருப்பினேன். உறுமல் அப்படியே இருந்தது. அப்படியென்றால் கோளாறு பவர் சப்ளையில். கரண்டைச் சீராக்கும் ஃபில்டர் கெப்பாசிட்டரை மாற்ற வேண்டும். அதற்குப் பின்பக்க வாரன்டி ஸ்டிக்கரைக் கிழிக்க வேண்டும்.

"அத்தக் கிழிச்ச, கம்பெனிக்காரன் நம்மள உண்டு இல்லன்னு பண்ணிடுவான்" என்றார் முதலாளி.

"நான் பாத்துக்கறேன் சார். செலவு வந்தா என் பேர்ல எழுதிக்கோங்க" என்று சொல்லி, மேடமும் தலையாட்டிய பிறகு கிழித்தேன்.

நல்லதாக, பெரியதாக இரண்டு கெப்பாசிட்டர் போட்டேன். போதவில்லை. மறுநாள் வயரிங்கைத் திருப்பிப் போட்டேன், எர்த் வயர்களை எல்லாம் ஒரே இடத்தில் சேர்த்தேன். மேடம் தினமும் பேங்க் விட்டு நேரே வந்து, தரையில் உட்கார்ந்து, சுருதி போட்டுக் கேட்டு, "இன்னும் இருக்கு" என்றார். எரிச்சலாக வந்தது. ஆனால் அவர் சொன்னது சரியாகவே இருந்தது. வெள்ளிக்கிழமை, கேட்டு முடித்ததும் கிடாரை எடுத்து வாசிக்க ஆரம்பித்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை சபாவில் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்தேன். மேடையில் மேடம் ஆம்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கிடாரை மடியில் கிடத்தியிருந்தார். வயலின்காரர் வில்லைக் கையில் எடுத்து, ஆரம்பிக்கக் காத்திருந்தார். சுருதி மட்டும் கேட்டது. பக்கத்து சீட் மாமா என் பக்கம் சாய்ந்தார்.

"ஏன் சார், அந்த ஸ்பீக்கர் பொட்டிய ஆன் பண்ண மறந்துட்டாளோ?"

ஆம்பில் சிவப்பு லைட் எரிந்துகொண்டுதான் இருந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அதற்கப்புறம் நான் இருந்தவரை ஒரு சுருதிப் பெட்டி என் மேஜை மேலேயே இருந்தது. யார் ஆம்ப் கேட்டு வந்தாலும், எத்தனை வாட் என்று சொல்லும் முன் அவர்களைக் கேட்பேன்: "எங்க உக்காந்து வாசிப்பீங்க? கூட என்ன சத்தம் ஓடும்?"